படுவான்கரையில் ஏழு நாள்: ஆறுதலான ஒரு கோடை கேமைச் செய்யும் முறை

கோடை விடுமுறையை ஒரு கிராமத்தில் கழிப்பது மட்டுமே வேலையாக உள்ள கேம்கள் ஜப்பானில் தனி வகையாக வளர்ந்தவை. அதற்கு அடி போட்டது 2000ஆம் ஆண்டு ஜூனில் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'பொக்கு நோ நட்சுயாசுமி'. இயக்கியவர் மிலேனியம் கிச்சன் நிறுவனத்தின் கஸ் அயபே. 1975 ஆகஸ்ட் 1 தொடக்கம் 31 வரை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உறவினர் வீட்டில் தங்குகிறான். பூச்சி பிடிக்கிறான், தூண்டில் போடுகிறான், இரவில் நாட்குறிப்பில் படம் வரைகிறான். அங்கே வெல்ல யாருமில்லை, தோற்கவும் வழியில்லை. 2021இல் ஷின்-சான் பாத்திரத்தை வைத்து வந்த கேமும், 2023இல் வந்த 'நட்சு-மொன்' கேமும் அதே கையிலிருந்து வந்தவை.

அந்த வகையில் ஒரு சிறு கேமை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பையன் அம்மம்மா வீட்டில் தங்கும் கதையாகச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே விடயம். ஒருவரோ இருவரோ சேர்ந்து முடிக்கக்கூடிய அளவு: ஏழு நாள், ஒன்பது திரை, ஐந்து ஆட்கள். விளையாடி முடிக்க இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். முதல் முயற்சியிலேயே 31 நாளும் ஒரு முழு ஊரும் என்று தொடங்குகிறவர்கள் மூன்றாவது திரையோடு களைத்துவிடுவார்கள்.

கேம் செய்யும் கருவி கோடோ. இலவசம், திறந்த மூலம், நிறுவவும் வேண்டாம். இறக்கிய கோப்பை அப்படியே திறக்கலாம். 4.3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை எடுங்கள். புதிய திட்டம் தொடங்கும்போது ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) எது என்று கேட்கும். 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய மடிகணினியிலும் விலை குறைந்த போன்களிலும் ஓடக்கூடியது அதுதான். பிரவுசரில் ஓட வைப்பதற்கும் அதுவே வேண்டும்.

முதலில் மணிக்கூடு

இந்த வகைக் கேமைச் செய்கிறவர்கள் வழமையாக முதலில் வீட்டையும் மரத்தையும் வரையத் தொடங்குவார்கள். மணிக்கூட்டிலிருந்து தொடங்குங்கள். கேம் ஆறுதலாக இருப்பதற்கும் ஆள் மெதுவாக நடப்பதற்கும் சம்பந்தமில்லை. மெதுவாக நடக்கும் ஆளை வைத்து விளையாடினால் எரிச்சல்தான் வரும். நாள் ஒன்று கட்டாயம் முடியும், ஆனால் அந்த நாளில் எதைத் தவறவிட்டாலும் தண்டனை இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும்போதுதான் ஆறுதல் வருகிறது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது வேலை செய்யாது.

இதைச் செய்ய ஏற்கெனவே மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. 'பொக்கு'வில் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும்போதுதான் நேரம் நகரும். ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது சாயாது. எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யில் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும்: 7 செக்கனுக்கு 10 நிமிடம். காலை 6 மணிக்கு எழுந்து பின்னிரவு 2 மணிக்கு விழுந்தால் ஒரு நாள் நிஜத்தில் சுமார் 14 நிமிடம். அதில் காசும் உடல்வலுவும் கணக்கிடப்படுவதால், எதை முதலில் செய்தால் இலாபம் என்று யோசிக்காமல் விளையாடுவது கடினம். 2001இல் தொடங்கிய 'அனிமல் க்ராஸிங்' வரிசை நிஜ மணிக்கூட்டையே எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்து இரவு எட்டுக்கு விளையாடுகிறவருக்கு அங்கே எந்நாளும் இரவுதான். ஏழு நாள் கதைக்கு அது ஒத்துவராது.

நமக்குப் பொருத்தம் முதல் இரண்டின் கலப்பு. நாள் காலை 5:30க்குத் தொடங்கி இரவு 8:30க்கு முடியட்டும். நள்ளிரவிலிருந்து நிமிடக் கணக்கில் எழுதினால் 330 முதல் 1230 வரை, மொத்தம் 900 நிமிடம். சாதாரணமாக 1 செக்கனுக்கு 1 நிமிடம். மாலை 5:45 முதல் 6:45 வரை மட்டும் வேகத்தைப் பாதியாக்குங்கள். காரணம் இருக்கிறது: நம் பக்கத்தில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் 6:20 அளவில் மறையும், அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும். வேகத்தைக் குறைக்காவிட்டால் அந்தி முழுவதும் 30 செக்கனில் போய்விடும். கேமின் மிக அழகான பொழுது கண்ணில் படாமலே கழியும். இப்படிச் செய்தால் ஒரு நாள் 960 செக்கன், அதாவது 16 நிமிடம். ஏழு நாளும் 112 நிமிடம்.

கோடோவில் ஒரு 'ஆட்டோலோட்' ஸ்கிரிப்ட் (எல்லாத் திரைக்கும் பொதுவாக ஓடுவது) எழுதி அதற்குக் காலம் என்று பெயர் வையுங்கள். அதற்குள் மூன்று எண் போதும்: நாள், நிமிடம், வேகம். ஒவ்வொரு பிரேமிலும் 'டெல்டா'வை, அதாவது முந்திய பிரேமிலிருந்து கழிந்த செக்கனை, வேகத்தால் பெருக்கி நிமிடத்தோடு கூட்டுங்கள். டெல்டாவை விட்டுவிட்டு பிரேமுக்கு இவ்வளவு என்று கூட்டினால், செக்கனுக்கு 60 பிரேமுக்குக் கணக்கிட்ட நாள் 30 பிரேம் ஓடும் போனில் இரண்டு மடங்கு நீளும். போனில் வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது பொழுது குதிக்காமல் இருக்க, டெல்டா 0.1க்கு மேல் போகாதபடி வரம்பு போடுங்கள்.

யாரோடாவது பேசும்போதும் நாட்குறிப்பைத் திறக்கும்போதும் வேகம் 0. இதற்குக் கோடோவின் 'பாஸ்' வசதியைப் பயன்படுத்த வேண்டாம். அது காற்றின் சத்தத்தையும் இலை அசைவதையும் சேர்த்து நிறுத்திவிடும். பேசத் தொடங்கியதும் உலகம் செத்துப்போனது மாதிரி இருக்கும்.

ஒரு பாயும் வேண்டும். மத்தியான வெயிலில் செய்ய ஒன்றும் இல்லாதபோது திண்ணையில் பாய் விரித்துப் படுக்கலாம். படுத்திருக்கும்போது வேகம் 10. எழும்பினால் பழைய வேகம். பொழுதைத் தள்ள வழி இல்லாத கேமில் இரண்டாவது நாளே சலிப்பு வரும்.

மணியை எண்ணாகக் காட்டாதீர்கள். வெயிலின் நிறமும் சத்தமும் சொல்லட்டும். 6:50 ஆனதும் அம்மம்மாவின் குரல் கேட்கும். 8:30க்கு எங்கே நின்றாலும் அடுத்த திரை வீட்டுப் பாய்தான், ஏச்சு இல்லை.

எந்த ஆண்டு, எந்த வாரம்

1978 ஆகஸ்ட் 12 சனிக்கிழமை தொடக்கம் 18 வெள்ளிக்கிழமை வரை என்று வைப்பதைப் பரிந்துரைக்கிறோம். ஆகஸ்ட் 18 பௌர்ணமி. அரை நிலவைவிடச் சற்றுப் பெரிய நிலாவோடு முதல் இரவு தொடங்கி, கடைசி இரவு முழு நிலவில் முடியும். ஏழு நிலாப் படம் வரைந்தால் போதும். முதல் நாள் இருட்டும்போது நிலா உச்சியைத் தாண்டியிருக்க வேண்டும். கடைசி நாள் சூரியன் மறையும் நேரத்தில் வாவிப் பக்கமாக எழ வேண்டும். இதை மாற்றி வரைந்தால் வயல் காவலுக்குப் போனவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

1978க்கு வேறு நன்மைகளும் உண்டு. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. ஆகவே வீட்டில் ஒரு ரேடியோ, இரவில் அரிக்கன் லாம்பு, குசினியில் குப்பி விளக்கு. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வாவியைப் 'பாதை' என்ற மிதவைப் படகில் கடக்க வேண்டும். கேமின் முதல் காட்சிக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. அத்தோடு அதே ஆண்டு நவம்பர் 23இல் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. கேமில் அதைக் காட்ட வேண்டாம், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஆனால் பின்னணியில் தென்னைகளை நிறைய, உயரமாக, நெருக்கமாக வரையுங்கள்.

இதற்குப் பிந்திய ஆண்டுகளை எடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். படுவான்கரை போரில் பட்டது கொஞ்சமல்ல. அந்தக் காலத்து ஆகஸ்ட் ஒன்றை எடுத்துத் தும்பி பிடிப்பது மட்டும் என்று காட்டுவது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அப்படியானால் அதையும் தாங்கும் கதை எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆண்டை மாற்றுங்கள்.

திரைகள்

ஒன்பது போதும்: வாவித்துறை, கோயில் வீதி, வீட்டு வாசல், திண்ணையும் குசினியும், கிணத்தடியும் பின்வளவும், குளக்கட்டு, வட்டை (வயல்வெளி), வாடியும் பரணும் (வயலில் தங்கும் குடிலும் காவல் மேடையும்), மாட்டுப் பட்டி. வீட்டை நடுவில் வையுங்கள். எந்த இடமும் வீட்டிலிருந்து நான்கு திரைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. திரையின் அகலம் 1280 பிக்சல், ஆள் செக்கனுக்கு 180 பிக்சல் நடந்தால் ஒரு திரையைக் கடக்க 7 செக்கன். வீட்டிலிருந்து பட்டிக்குப் போக அரை நிமிடம். இதைவிடத் தூரமானால் மறுநாள் அங்கே போக மாட்டார்கள்.

'பொக்கு'வில் உள்ளதுபோல அசையாத கமராவும் கையால் தீட்டிய பின்னணியும் வையுங்கள். ஓடு ஓடாகச் சேர்த்துக் கட்டும் டைல் முறையைவிட இது வேலை குறைவு, ஊரின் முகமும் நன்றாக வரும். வாட்டர்கலர் தெரிந்த ஒருவர் உங்களோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏ4 தாளில் 28 சென்ரிமீற்றர் அகலம், 15.75 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டம் போட்டு அதற்குள் வரையுங்கள். அது சரியாக 16க்கு 9. தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். சாதாரண சித்திரக் கொப்பித் தாள் ஈரத்தில் நெளியும், நெளிவின் நிழல் ஸ்கேனில் சாம்பல் வரியாக விழும். கொமினிகேஷன் கடையில் 300 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, கட்டத்தை வெட்டி, 1280க்கு 720 ஆகக் குறையுங்கள்.

எல்லாப் படத்தையும் மத்தியான வெளிச்சத்தில் தீட்டுங்கள், நிழல் மரத்தின் அடியோடு நிற்கட்டும். பின்னேர நிழலை ஒரு பக்கமாக நீட்டி வரைந்துவிட்டால் காலையிலும் அது அதே பக்கம்தான் கிடக்கும்.

நிறத்தில் எல்லோரும் விடும் பிழை பச்சை. ஆகஸ்டில் படுவான்கரை பச்சை அல்ல. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் தண்ணீர் பாயும் இடங்களில் சிறுபோக நெல் விளைந்து பொன்னிறமாக நிற்கும். மானாவாரி வட்டைகள் அடிக்கட்டை காய்ந்து வெளுத்துக் கிடக்கும், மாடு மேயும். குளம் வற்றிக் கரையில் சேறு வெடித்திருக்கும். பச்சை என்றால் மருத மரமும் பாலை மரமும் வீட்டு வளவும்தான். திசையையும் கவனியுங்கள்: படுவான்கரையில் நின்றால் வாவி கிழக்கே. வாவித்துறையில் விடியும், வட்டையில் பொழுது படும்.

முன்னால் வரும் பொருட்களைத் தனிப் படமாக, பின்புலம் இல்லாத பிஎன்ஜியாக வெட்டியெடுங்கள்: கிணற்றுக் கட்டு, வேலி, முன் மரம். கீழே நிற்பதை முன்னால் காட்டும் 'வை-சோர்ட்' போட்டு, ஒவ்வொன்றின் மையப் புள்ளியையும் அடிக்கு நகர்த்துங்கள். ஆளுக்குப் பாதம், மரத்துக்குத் தூர். மையம் நடுவிலேயே இருந்தால் பையன் கிணற்றுக் கட்டின் மேல் நடப்பான். தூரப் போகும்போது ஆள் சிறுக்க வேண்டும். நடக்கக்கூடிய மேல் எல்லை 380, கீழ் எல்லை 690 என்றால், பாதத்தின் உயரத்திலிருந்து 380ஐக் கழித்து, 310ஆல் வகுத்து, 0.45ஆல் பெருக்கி, 0.55ஐக் கூட்டுங்கள். நடைவேகத்தையும் அதே எண்ணால் பெருக்குங்கள், இல்லாவிட்டால் தூரத்தில் கால் வழுக்குவதுபோல் தெரியும்.

திரையின் ஓரத்தில் வெளியேறும் இடம் ஒரு 'ஏரியா2டி', அதாவது ஆள் உள்ளே வந்ததை அறியும் பகுதி. அடுத்த திரையில் ஆளை அங்கிருக்கும் ஏரியாவிலிருந்து குறைந்தது 60 பிக்சல் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். மேலேயே நிறுத்தினால் அது உடனே திருப்பி அனுப்பும். இரண்டு திரையும் மாறி மாறி மின்னும்.

வெளிச்சம்

திரை முழுவதற்கும் நிறம் ஏற்றும் 'கேன்வாஸ்மாடுலேட்' ஒன்றைப் போட்டு அதன் நிறத்தை ஒரு 'கிரேடியன்ட்'டிலிருந்து (நிறப் பட்டையிலிருந்து) எடுங்கள். எடுக்கும் இடம்: நிமிடத்திலிருந்து 330ஐக் கழித்து 900ஆல் வகுத்தது. தொடக்கத்துக்கு இந்த நிறங்கள் சரியாக இருக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒழுங்கில். 5:30க்கு (இடம் 0) 120, 130, 170. 6:15க்கு (0.05) 255, 214, 170. 8:00க்கு (0.167) 255, 255, 255. 12:30க்கு (0.467) 255, 250, 230. 5:30 மாலை (0.8) 255, 220, 160. 6:20க்கு (0.856) 240, 140, 100. 6:50க்கு (0.889) 95, 90, 140. 8:30க்கு (1) 55, 60, 105.

இது பெருக்கல் கணக்கு. ஆகவே வெள்ளை என்றால் படம் தீட்டியபடியே தெரியும், அதைவிடப் பிரகாசமாக்க முடியாது. படத்தை மங்கலாகத் தீட்டிவிட்டு இங்கே ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். பேச்சுப் பெட்டியும் பொத்தான்களும் தனிக் 'கேன்வாஸ்லேயர்'இல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் எழுத்தும் இருளும். லாம்புக்கு 'பொயின்ட்லைட்2டி', நிறம் மஞ்சளாக, வீச்சு குறைவாக.

சத்தம்

ஜப்பானியக் கேம்களில் கோடை என்றால் சில்வண்டு. நமக்கு அது கச்சான். மலையைக் கடந்து மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்று முற்பகலில் எழும்பி, தென்னோலையை அடித்து, கதவைச் சாத்தி, புழுதியை வாரி, பின்னேரம் அடங்கும். கேமின் பகல் முழுவதையும் தாங்கும் சத்தம் அதுதான். படத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

காற்றை வெளியே நின்று பதிந்தால் மைக்கில் மோதி உறுமல் மட்டும்தான் மிஞ்சும். வீட்டுக்குள் யன்னலோரம் போனை வைத்து, ஓலையில் படும் சத்தத்தைப் பதியுங்கள். ஆட்காட்டியும் கொக்கும் கிடைக்க விடியற்காலை, காற்று எழும்ப முன். மத்தியானத்துக்குச் செண்பகம், அந்திக்கு மயில், இரவுக்குப் பக்கிள். வாவித்துறைத் திரையில் அக்கரையிலிருந்து மெலிதாகப் பள்ளிவாசல் வாங்கு கேட்கலாம், மத்தியானம் 12:15 அளவிலும் பொழுது பட்ட கையோடும். கோயில் மணி கோயில் வீதியில் பெரிதாகவும், வாசலில் சிறிதாகவும். கல்லடிப் பாலத்தடியில் கேட்பதாகச் சொல்லும் பாடும் மீனை அங்கேயே விட்டுவிடுங்கள். மண்முனைத் துறைக்கு அதைக் கொண்டுவந்தால் ஊர் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

போன் பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கும். கோடோ அதை ஏற்காது. ஓடாசிட்டியில் திறந்து 'ஓஜிஜி'யாக மாற்றுங்கள், இறக்குமதிப் பலகையில் 'லூப்' போடுங்கள். எம்பி3 வேண்டாம், சுற்று முடியும் இடத்தில் சிறு வெட்டு விழும். காற்று 73 செக்கன், பறவை 61 செக்கன், தூரத்து ஆட்சத்தம் 47 செக்கன் என்று நீளங்களை ஒத்துப்போகாமல் வையுங்கள். ஒரே செண்பகம் ஒரே காற்றுக்கு மறுபடி மறுபடி கூவாது. பின்னணி இசை பகலில் தேவையில்லை.

ஆட்கள்

மட்டக்களப்பில் வீடு பெண் வழி போகும். ஆகவே அம்மம்மா வீட்டில் இருக்கப்போவது சின்னம்மாவும் அவர் கணவர் சின்னப்பாவும்தான். மாமா மனைவி வீட்டிலிருந்து வந்து போவார். இந்த நான்கு பேரும், இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் சைக்கிளில் புடவை கட்டிக்கொண்டு வரும் காத்தான்குடி வியாபாரியும் போதும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டவணை எழுதுங்கள்: தொடங்கும் நிமிடம், திரை, நிற்கும் இடம், செய்யும் வேலை. அம்மம்மா 330க்கு வாசல் கூட்டுவார், 375க்குக் குசினியில் பிட்டு அவிப்பார், 540க்குக் கிணத்தடி, 810க்குத் திண்ணையில் வெத்திலைத் தட்டம், 960க்குக் கோயில் வீதி, 1095க்கு விளக்கு வைப்பார். சின்னப்பா 330க்குப் பட்டியில் பால் எடுப்பார், 480க்கு வட்டை, 750க்கு வாடி, 990க்குக் களவெட்டி (சூடு மிதிக்கும் களம்). திரை திறக்கும்போது இப்போதைய நிமிடத்துக்கு முந்திய கடைசி வரியைப் பார்த்து ஆளை அங்கே வையுங்கள். கண்ணில் படாத ஆட்களை நடக்க வைக்கும் வேலை வேண்டாம். ஒரே ஒரு கவனம்: நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆள் மறையக் கூடாது. வரி மாறினால் திரையோரத்துக்கு நடந்து வெளியேறட்டும்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பேச்சு. வியாபாரிக்கு இரண்டு நாள்தான் என்பதால் மொத்தம் 90. சிறியதாக இருக்கட்டும்: 'இஞ்ச வா மனே, தயிர் குடிச்சிட்டுப் போ.' 'வெயிலுக்க போகாத கா, மறுகா காய்ச்சல் வரும்.' 'சின்னப்பா பட்டியில நிக்கிறார், போய்ப் பாரு.' யாழ்ப்பாணப் பேச்சையோ சென்னைப் பேச்சையோ இவர்கள் வாயில் வைக்க வேண்டாம். அம்மம்மாவுக்குப் பிள்ளை 'நீங்க' என்று பேசட்டும். வியாபாரி அவரை 'அம்மா' என்பார், அவர் 'வாங்க தம்பி' என்பார். களவெட்டியில் நெல்லுக்குப் 'பொலி' என்றுதான் பெயர். சின்னப்பா அங்கே நின்று நெல் என்று சொல்லக் கூடாது.

ஆனை வந்துபோகும் பிரதேசம் இது. நாலாம் இரவில் தூரத்தில் ஒரு பிளிறல், பரணில் ஒரு தீப்பந்தம், அடுத்த நாள் வரம்பில் கால் தடம். அவ்வளவு போதும். ஆனையைத் திரையில் துரத்த வைத்தால் கேம் வேறாகிவிடும்.

தமிழ் எழுத்து

கோடோ 4 தமிழைச் சரியாகக் கோர்த்துக் காட்டும். கோடோ 3இல் 'கொ', 'கௌ' எல்லாம் கலைந்துபோகும். பழைய பாடங்களைப் பார்த்து அந்தப் பதிப்பை எடுத்துவிடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். கணினியில் தெரிகிறது என்று விட்டால் பிரவுசரில் வெறும் பெட்டிகள்தான் வரும். அளவு 32 பிக்சல், வரி இடைவெளி தாராளமாக.

பேச்சு எழுத்தெழுத்தாக வர வேண்டும் என்றால் 'ரிச்டெக்ஸ்ட்லேபல்'இல் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்ற அமைப்பை 'ஆஃப்டர் ஷேப்பிங்' ஆக்குங்கள். மாற்றாவிட்டால் முதலில் 'க' வந்து பிறகு புள்ளி விழும், 'க' வந்து 'கொ' ஆகும். வரி முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பேச்சுகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எக்செலில் தொகுத்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்றே சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி தமிழை எல்லாம் கேள்விக்குறி ஆக்கிவிடும், திரும்பவும் வராது.

செய்ய என்ன இருக்கிறது

காசு வைக்காதீர்கள், புள்ளி வைக்காதீர்கள். பிடித்த மீன் குசினிக்குப் போகும், அன்றிரவுச் சாப்பாட்டில் வரும். அதுதான் பரிசு. விலை போட்ட கணத்திலிருந்து விளையாடுகிறவர் துறையை விட்டு நகர மாட்டார்.

தூண்டிலுக்கு மீன் கடிக்கும் நேரம் 3 முதல் 9 செக்கனுக்குள் எதேச்சையாக. பத்தைத் தாண்டினால் போன் உறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். மிதவை தாழ்ந்ததும் தொட 0.8 செக்கன் கொடுங்கள். தொடுதிரையில் அதற்குக் கீழே நியாயமில்லை. தவறினால் மீண்டும் போடலாம். வீச்சுவலைக்கு அழுத்திப் பிடித்து 1.2 முதல் 1.6 செக்கனுக்குள் விட்டால் வலை வட்டமாக விரியட்டும், மற்றபடி சுருண்டு விழட்டும். சுருண்ட வலையிலும் இரண்டு இறால் இருக்கலாம். குளக்கட்டில் விரால், வாவியில் செப்பலியும் இறாலும். அத்தாங்கு என்ற கைவலையும் கரப்பு என்ற மீன்கூடையும் ஆழமில்லாத தண்ணீரில் மட்டும்.

தும்பி பிடிக்கலாம், பிடித்ததும் நாட்குறிப்பில் படமாகப் பதிந்து பறந்துவிடும். பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கலாம். கச்சான் அடிக்கும்போது வெளுத்த வட்டையில் பட்டம் விடலாம். கோயில் வீதியில் போளை, கிட்டிப்புள்ளு. எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிடாமல், ஒரு நாளைக்கு ஒன்றாக ஒருவர் சொல்லித் தரட்டும். வீச்சுவலையைச் சின்னப்பா மூன்றாம் நாள் கொடுக்கட்டும், அதற்கு முன் அவர் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும்.

சேமிப்பும் வெளியீடும்

படுக்கும்போது மட்டும் சேமித்தால், இடையில் ஓர் அழைப்பு வந்து போன் செயலியை மூடினால் ஒரு முழு நாள் போய்விடும். திரை மாறும் ஒவ்வொரு முறையும், செயலி பின்னால் தள்ளப்படும்போதும் சேமியுங்கள். ஜேசன் கோப்பில் எழுதினால் திரும்ப வாசிக்கும்போது எண்கள் எல்லாம் தசமமாக வரும்; நாட்குறிப்பில் 'நாள் 3.0' என்று தெரிந்தால் அதனால்தான், முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் நிற்கும் இடத்தை இரண்டு தனி எண்ணாக எழுதுங்கள்.

பிரவுசர் பதிப்புக்கு, முதல் தொடுகை வரும்வரை பிரவுசர் சத்தத்தைத் திறக்காது. ஆகவே 'தொடங்கு' என்ற பொத்தானோடு ஆரம்பியுங்கள். பாதையும் வாவியும் சத்தத்தோடு வர வேண்டிய காட்சி அது. ஆண்ட்ராய்டுக்கு ஜாவா 17உம் ஆண்ட்ராய்டு எஸ்டிகேயும் நிறுவ வேண்டும், இறக்குவதற்கு நல்ல இணைப்பு உள்ள இடத்துக்குப் போங்கள்.

கொடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டு பேரிடம்: கேம் விளையாடும் ஒரு பிள்ளை, 1978ஐ அங்கே கண்ட ஒரு பெரியவர். பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து, எங்கே சும்மா நிற்கிறது, எங்கே வெளியேறப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் ஒவ்வொரு திரையாகக் காட்டிக் கேளுங்கள். எந்த மரம் எந்த இடத்தில் நிற்காது, எந்த நேரத்தில் யார் வட்டையில் இருக்க மாட்டார் என்று அவர் சொல்வதை அன்றே திருத்துங்கள். இரண்டையும் பகல் வெளிச்சத்தில், விலை குறைந்த போனில் செய்யுங்கள். மடிகணினியில் அழகாக இருந்த இரவுத் திரை முற்றத்து வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தால், 8:30க்குரிய நிறத்தை 75, 80, 125 ஆக ஏற்றி, 6:50க்குரியதையும் அதே அளவு உயர்த்துங்கள்.